தேயிலைக் கம்பனியின் இலாபமும் கையில் மிஞ்சும் காசும்

தீபாவளி நெருங்கும் காலத்தில் மலையகத் தோட்டங்களிலே பண்டிகை முற்பணம் வழங்குவது நெடுநாள் வழக்கம். அந்நாளிலே கம்பனியின் பெட்டியிலிருந்து பெருந்தொகையான காசு வெளியே செல்கின்றது. ஆயினும் இலாப நட்டக் கணக்கிலே அதன்பொருட்டு ஒரு சதமேனும் செலவென்று ஏறுவதில்லை. முற்பணம் என்பது பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளப்படும் கடன். ஆதலின் காசு குறைந்தது, இலாபம் குறையவில்லை. அதே தோட்டத்தின் மேட்டுப் பகுதியிலே யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. ஓராண்டில் அவை பருத்து உயர்கின்றன. மரத்தின் விலையும் ஏறுகின்றது. அந்தப் பெறுமதி உயர்வை இலாபத்தோடு சேர்த்து எழுதுகின்றனர். ஒரு மரமும் வெட்டப்படவில்லை. ஒரு பலகையும் விற்கப்படவில்லை. இங்கே இலாபம் கூடியது, காசு கூடவில்லை.

இலாபம் என்பது கணக்காளர் விதிமுறைப்படி மதிப்பிட்டுச் சொல்லும் தொகை. காசு என்பது வங்கியிலே எண்ணிப் பார்க்கத் தக்க தொகை. ஒரு கம்பனி தன் தொழிலிலே ஈட்டிய காசிலிருந்து, அத்தொழில் நலிவடையாமல் தொடர்ந்து நடப்பதற்கு வேண்டிய மூலதனச் செலவைக் கழித்தபின் எஞ்சுவதைக் கணக்கியலார் சுயாதீன காசுப் பாய்ச்சல் என்பர். எளிய தமிழிலே மிஞ்சும் காசு எனலாம். கடனை அடைப்பதும், பங்குதாரருக்குப் பங்கிலாபம் கொடுப்பதும், புதுத் தொழில் தொடங்குவதும் இதைக் கொண்டே செய்யத் தக்கவை. இது இல்லாதவிடத்து இவற்றை வங்கிக் கடனைக் கொண்டே செய்தல் வேண்டும். அவ்வாறு செய்வது எத்தனை நாளைக்கு நடக்கும் என்பதை அடகுக் கடைக்குச் சென்று வந்த எந்தக் குடும்பமும் சொல்லும்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் வாழும் மக்களுக்கு இந்தக் கணக்கிலே என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை மிகப் பெரிது. அதனை அறிவதற்கு இக்கம்பனிகள் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும்.

1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிச் செடியை நோய் அழித்தபின் மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. தோட்டங்கள் இலண்டனிலும் கொழும்பிலும் பதிவான கம்பனிகளின் உடைமையாயின. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் அவற்றை அரசுடைமையாக்கின. பின்னர் ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தோட்டங்களை நடத்தின. அவற்றின் நட்டம் திறைசேரிக்குத் தாங்கொணாச் சுமையாயிற்று. ஆதலின் 1992 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தோட்டங்கள் பிரிக்கப்பட்டுப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டன. நிலம் அரசிடமே நின்றது. கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. அக்குத்தகை 2045 இல் முடிவடையும்.

1995 ஆம் ஆண்டு முதல் இக்கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டன. நூற்றுக்கு 51 பங்கு நிருவாகத்தை ஏற்ற தனியாருக்குச் சென்றது. ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையின் வழியாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. நூற்றுக்குப் 10 பங்கு தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. பொற்பங்கு என்னும் ஒரு தனிப் பங்கு திறைசேரிச் செயலாளரின் பெயரில் வைக்கப்பட்டது. அவருடைய இசைவின்றி நிலத்தைப் பிறருக்குக் குத்தகைக்கு விடுதல் இயலாது. தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, போகவந்தலாவை, உடப்புசல்லாவை என்னும் ஊர்ப்பெயர்கள் பங்குச் சந்தைப் பட்டியலிலே ஏறியது இவ்வாறுதான். பெரிய வங்கிகளோடும் வர்த்தக நிறுவனங்களோடும் ஒப்பிடுகையில் இவை சிறிய கம்பனிகளே. ஆயினும் ஒவ்வொன்றின் நிலத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. கொழுந்து பறிப்பவரே கம்பனியின் பங்குதாரராகவும், அதனிடமிருந்து பணிக்கொடை பெறவேண்டியவராகவும் இருக்கும் நிலை இங்கு உண்டு. கம்பனியிலே மிஞ்சும் காசு யாது என்னும் கேள்வி, அவருடைய முதுமைக்குரிய கேள்வியும் ஆகும்.

இனி அந்த எண்ணை எங்கே தேடுவது? பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பனியும் ஆண்டறிக்கை வெளியிடுகின்றது. பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எவரும் அதனை விலையின்றிப் பெறலாம். வண்ணப் படங்களையும் தலைவரின் உரையையும் கடந்து சென்றால், காசுப் பாய்ச்சற் கூற்று என்னும் ஒரு பக்கம் வரும். அது மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி தொழிற்பாட்டிலே வந்த காசைக் கூறும்: தேயிலை விற்ற பணம், கொடுத்த சம்பளம், உரம், விறகு, வட்டி, வரி, கொடுத்துத் தீர்த்த பணிக்கொடை யாவும் இதில் அடங்கும். இரண்டாம் பகுதி முதலீட்டைக் கூறும்: மறுநடுகைக்கும் இளஞ்செடிப் பராமரிப்புக்கும் செலவிட்டது, ஆலை இயந்திரம், வாகனம் முதலியன. மூன்றாம் பகுதி நிதியாக்கம்: வங்கியில் வாங்கிய கடன், திருப்பிய கடன், அரசுக்குச் செலுத்திய குத்தகைப் பணம், பங்கிலாபம்.

முதற்பகுதியின் முடிவுத் தொகையிலிருந்து இரண்டாம் பகுதியின் மறுநடுகைச் செலவையும் இயந்திரச் செலவையும் கழித்தல் வேண்டும். தோட்டக் கம்பனியைப் பொறுத்தவரை மற்றுமொன்றையும் கழிப்பதே நேர்மை: அது அரசுக்குரிய நிலக் குத்தகை. அத்தொகை மூன்றாம் பகுதியிலே கடன் திருப்பியது போல எழுதப்படுவதால் கண்ணுக்குத் தப்பிவிடும். குத்தகை கொடாதவனுக்கு நிலமில்லை, நிலமில்லாதவனுக்குத் தேயிலையில்லை. ஆதலின் அதுவும் தொழிலின் செலவே.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். பின்வரும் எண்கள் எந்தக் கம்பனிக்கும் உரியவையல்ல. கணக்கு முறையை விளக்குதற்கே அமைக்கப்பட்டவை. ஒரு கம்பனி வரிக்கு முன் 300 மில்லியன் ரூபா இலாபம் காட்டுகின்றது என்க. அதிலே 80 மில்லியன் நின்ற மரங்களின் பெறுமதி உயர்வு. அது காசன்று, கழிக்க எஞ்சுவது 220. கட்டிடம், இயந்திரம், முதிர்ந்த தேயிலை ஆகியவற்றின் தேய்மானமாக 120 மில்லியனும், எதிர்காலப் பணிக்கொடைக்கென 150 மில்லியனும் செலவாக எழுதப்பட்டுள்ளன. இவை எழுத்திலே செலவு. இவ்வாண்டு காசு வெளியேறவில்லை. அவற்றைத் திரும்பக் கூட்டினால் 490. இனி, ஓய்வு பெற்றோருக்கு உண்மையிலே கொடுத்த பணிக்கொடை 110, களஞ்சியத்திலே தேங்கிய தேயிலையிலும் முற்பணங்களிலும் முடங்கியது 60, வரி 40. இவற்றைக் கழிக்க 280 மில்லியன் எஞ்சும். அதுவே தொழிற்பாட்டுக் காசு. மறுநடுகைக்கும் இளஞ்செடிகளுக்கும் 130, இயந்திரங்களுக்கு 50, குத்தகைக்கு 40 எனக் கழித்தால் கையிலே மிஞ்சுவது 60 மில்லியன். இலாபம் 300, மிஞ்சும் காசு 60. இயக்குநர் சபை இலாபத்தைப் பார்த்து 100 மில்லியன் பங்கிலாபம் அறிவித்தால், அதிலே 40 மில்லியன் வங்கிக் கடனிலிருந்து வந்ததாகும்.

இவ்வேறுபாட்டுக்குரிய இரண்டு காரணங்கள் தோட்டத் தொழிலுக்கே சிறப்பானவை. முதலாவது மரம். 2012 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த கணக்கீட்டு நியமங்களின்படி, வெட்டி விற்கத் தக்க மரங்களை ஆண்டுதோறும் சந்தைப் பெறுமதிக்கு மதிப்பிட்டு, உயர்வை இலாபத்திலே சேர்க்கின்றனர். தேயிலைச் செடியின் நிலை வேறு. 2016 முதல் அது பயன் தந்து நிற்கும் செடி என்னும் வகையில் கட்டிடம், இயந்திரம் போன்ற நிலைச் சொத்தாகவே கருதப்படுகின்றது. அறுவடையாகாத மரத்தின் பெறுமதியைக் காட்டுவதில் பிழையில்லை. ஆனால் மரம் வெட்ட அனுமதி வேண்டும். மலைச்சரிவிலே மரத்தை மொட்டையடித்தால் மண் சரியும். ஆகவே அந்த இலாபத்தைச் சம்பள நாளிலே எவரும் கையிலெடுக்க முடியாது.

இரண்டாவது பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்தாண்டோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, நிறைவு செய்த ஒவ்வோராண்டுக்கும் 14 நாட்சம்பளம் உரியது. அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்திலே கணிக்கப்படும். இவ்விதியின் ஆழத்தைச் சற்று நோக்க வேண்டும். 30 ஆண்டு கொழுந்து பறித்த ஒரு பெண் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வு பெற்றால் அவருக்குரியது 2,94,000 ரூபா. 1350 ரூபாச் சம்பளத்தில் ஓய்வு பெற்றால் 5,67,000 ரூபா. சம்பளம் உயரும் நாளிலே, அன்றைய வேலைக்குரிய கூலி மாத்திரம் உயர்வதில்லை. கடந்த 30 ஆண்டுகளின் கடனும் அதே வேகத்தில் உயர்கின்றது. ஆனால் அந்தக் கடன் காசாக வெளியேறுவது பின்வரும் பல ஆண்டுகளிலே. எனவே பொறுப்பு ஓராண்டிலே பெருகும். காசுச் சுமை மெல்ல மெல்லத் தொடர்ந்து வரும். மிஞ்சும் காசை ஓராண்டுக்கு மாத்திரம் பார்ப்பவர் இந்தச் சுமையைக் காணமாட்டார்.

ஆதலின் இக்கணக்கைப் பத்தாண்டுக்கேனும் தொடர்ந்து எழுதுதல் வேண்டும். ஒரு மாதத்து மழையைக் கொண்டு ஒரு தோட்டத்தின் காலநிலையைச் சொல்ல முடியாது. ஓராண்டுக் காசைக் கொண்டு ஒரு கம்பனியின் நிலையைச் சொல்ல முடியாது. மேலும் தேயிலையின் பருவமும் ஒரே சீரானதன்று. டிம்புளைப் பகுதியிலே சனவரி முதல் மார்ச்சு வரை வறண்ட குளிர்காற்றில் மணமிக்க தேயிலை கிடைக்கும். மழை தொடங்கியபின் கொழுந்து பெருகும், மணம் குறையும். கொழும்பு ஏலத்திலே விற்ற தேயிலைக்குரிய பணம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வந்து சேரும். ஆயினும் கணக்காண்டின் கடைசி வாரங்களிலே விற்காமல் நின்ற தேயிலை அடுத்த ஆண்டின் காசாகிவிடும். ஆகவே காலாண்டு எண்களைக் கொண்டு முடிவு கட்டுதல் அவசரம்.

2014 ஆம் ஆண்டு முதலான பத்தாண்டை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டிலே கொழும்பு ஏலத்தின் சராசரி விலை கிலோவுக்கு ஏறத்தாழ 460 ரூபா. எண்ணெய் விலை வீழ்ந்து, ரூசிய நாணயமும் வீழ்ந்து, மத்திய கிழக்கிலே போரும் மூண்டமையால் நம் தேயிலையை வாங்குவோர் தளர்ந்தனர். 2015 இல் விலை ஏறத்தாழ 400 ரூபாவாக இறங்கியது. அதே ஆண்டிலே கிளைபொசேற் என்னும் களைநாசினி தடைசெய்யப்பட்டது. களையைக் கையால் அகற்ற வேண்டியதாயிற்று; செலவு ஏறியது. தேயிலைக்கு அத்தடை 2018 இலேயே நீக்கப்பட்டது. இடையிலே 2017 இல் விலை ஏறத்தாழ 620 ரூபாவுக்கு உயர்ந்து நல்லாண்டாக அமைந்தது. 2019 இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாயிற்று. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் தீர்மானப்படி நாட்சம்பளம் கொடுப்பனவு உட்பட 1000 ரூபாவாயிற்று. 2024 இல் அது 1350 ரூபாவாக உயர்ந்தது.

2021 ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மே மாதம் வந்த தடை நவம்பரில் நீங்கியது. இதனைக் காசுக் கணக்கிலே நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். உரம் வாங்க இயலாத மாதங்களிலே உரச் செலவு குறைகின்றது. கையிருப்பு நன்றாய் இருப்பதுபோலத் தோன்றும். செடி பட்டினி கிடந்ததன் பயன் பின்னரே தெரியும். நாட்டின் தேயிலை உற்பத்தி 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ. 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோ. 2013 இல் அது ஏறத்தாழ 340 மில்லியனாக இருந்தது. ஆயினும் 2022 இல் கம்பனிகளுக்குக் காசு பெருகியது. ஏன்? மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு தொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த விலை மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. தொலருக்கு விற்கும் தேயிலை ரூபாவிலே விலையேறி, ஏலத்தின் சராசரி கிலோவுக்கு ஏறத்தாழ 1270 ரூபாவாயிற்று. கொழுந்து குறைந்தது, காசு பெருகியது. அவ்வாண்டின் எண்ணை மாத்திரம் கண்டவர் தேயிலைத் தொழில் பொற்காலம் அடைந்தது என்பார். பத்தாண்டின் எண்களை வரிசையாக வைத்தவர், ரூபா வீழ்ந்ததால் வந்த காசு வேறு, செடி செழித்ததால் வந்த காசு வேறு என்று பிரித்துணர்வார். உரமும் மின்சாரமும் எரிபொருளும் சம்பளமும் பின்னால் விலையேறி வந்து அந்த மிகுதியைக் கரைப்பதையும் காண்பார்.

வரிசையாக எழுதும்போது கம்பனி பிரிவதையும் சேர்வதையும் கவனித்தல் வேண்டும். வட்டவளைப் பெருந்தோட்டக் கம்பனி இதற்குத் தக்க சான்று. அதற்கு மலைநாட்டிலே தேயிலையும், தென்னிலங்கையில் நாக்கியாதெனியாப் பகுதியிலே கட்டுப்பொல் என்று மக்கள் வழங்கும் எண்ணெய்ப்பனையும் இருந்தன. இரண்டும் ஒரே பெட்டியிலே காசைச் சேர்த்தமையால், மொத்த எண்ணை மாத்திரம் பார்ப்பவருக்கு எந்தப் பயிர் சோறு போடுகின்றது என்பது புலப்படாது. 2017 இல் தேயிலைத் தோட்டங்கள் ஹட்டன் பிளாண்டேசன்ஸ் என்னும் தனிக் கம்பனியாகப் பிரிக்கப்பட்டன. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வட்டவளையின் எண்களை ஒரே கோட்டிலே இழுத்தால், இரு வேறு தொழில்களை ஒன்றென்று மயங்குவதாகும். ஆண்டறிக்கையின் பிற்பகுதியிலே பயிர்வாரியாகப் பிரித்த கணக்கு உண்டு. அதைக் கொண்டு சரிசெய்தல் வேண்டும். தலவாக்கலைக் கம்பனி தோட்டத்து ஓடைகளிலே சிறு நீர்மின் நிலையங்கள் அமைத்து மின்சாரத்தை விற்கின்றது. அத்தகைய வருவாயையும் கொழுந்து தந்த வருவாயையும் பிரித்தறிவது நலம்.

இவ்வளவும் கணக்கு முறை. இனிச் சொல்ல வேண்டியதே உயிரான பொருள்.

மிஞ்சும் காசை இரு வழிகளால் பெருக்கலாம். ஒன்று, நல்ல தேயிலை செய்து, நல்ல விலைக்கு விற்று, வீண்செலவைக் குறைத்தல். மற்றொன்று, செய்ய வேண்டிய செலவைச் செய்யாது விடுதல். காசுப் பாய்ச்சற் கூற்றிலே இரண்டும் ஒரே எண்ணாகவே தோன்றும். முன் கூறிய உதாரணக் கம்பனி, மறுநடுகைச் செலவை 130 மில்லியனிலிருந்து 30 மில்லியனாகக் குறைக்கட்டும். ஓய்வு பெற்றோரிற் பாதிப்பேருக்கு அடுத்த ஆண்டு வாருங்கள் என்று சொல்லிப் பணிக்கொடையிலே 60 மில்லியனை நிறுத்தி வைக்கட்டும். மிஞ்சும் காசு 60 மில்லியனிலிருந்து 220 மில்லியனாகிவிடும். ஒரு செடியும் கூடுதலாகத் துளிர்க்கவில்லை. ஒரு கிலோவும் கூடுதலாக விளையவில்லை. விதைநெல்லைக் குற்றிச் சமைத்தவன் வீட்டிலும் அன்று நல்ல சோறுதான். அடுத்த பருவத்திலே வயலைப் பார்க்கும்போதே உண்மை தெரியும்.

தேயிலைக்கு அடுத்த பருவம் மெதுவாகவே வரும். பழைய செடியைப் பிடுங்கியபின் உடனே புதுச்செடி நடுவதில்லை. மண்ணைத் தேற்றுவதற்காக மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வளர்த்தல் வேண்டும். அதன்பின் நட்ட கன்று வருவாய் தரும் நிலைக்கு வர மேலும் பல ஆண்டுகள் செல்லும். அவ்வளவு காலமும் அந்த மலையிலிருந்து ஒரு கூடைக் கொழுந்தும் வராது. செலவு மாத்திரம் தொடரும். நூற்றுக்கு இரண்டு பகுதி நிலத்தையேனும் ஆண்டுதோறும் மறுநடுகை செய்யவேண்டும் என்பது தோட்டத்துறையிலே நெடுங்காலம் சொல்லப்பட்டு வரும் அளவு. 3000 எக்டேர் உடைய கம்பனி ஆண்டுக்கு 60 எக்டேர் நட்டால் 50 ஆண்டில் முழுவதும் புதிதாகும். 15 எக்டேர் நட்டால் 200 ஆண்டு செல்லும். 1925 இல் நிறுவப்பட்டு, தலவாக்கலையிலே தலைமையகம் கொண்டிருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்க்கும் வீ.பீ. தேயிலையின் நல்ல இனங்களைத் தந்துள்ளது. ஆயினும் வெள்ளையர் காலத்தில் விதையிட்டு வளர்த்த முதிய செடிகள் இன்றும் பல மலைகளிலே நிற்கின்றன. செடிகள் செத்துப் போன இடங்கள் வெற்றிடங்களாய்க் கிடக்கின்றன. அம்மலையிலே நாளுக்குரிய கிலோவைப் பறிக்க இயலாதபோது அரைப்பேர் போடப்படுவது பறித்தவருக்கே. செடியின் குறை அவருடைய குறையாக எழுதப்படுகின்றது. மறுநடுகைச் செலவென்னும் ஒரு வரி, இவ்வாறு அவருடைய சம்பளச் சீட்டுவரை வந்து சேர்கின்றது.

இங்கே குத்தகைக் காலமும் குறுக்கிடுகின்றது. 2045 ஆம் ஆண்டுக்கு இன்னும் ஏறத்தாழ 20 ஆண்டுகளே உள்ளன. இன்று பிடுங்கி, புல் வளர்த்து, நட்டு, வளர்த்தெடுக்கும் செடி ஐம்பதாண்டுக்கு மேல் பயன் தரும். அந்தப் பயனிற் பெரும்பகுதி குத்தகை முடிந்தபின்னரே வரும். நாள் செல்லச் செல்ல, நடுவதால் கம்பனிக்கு வரும் பயன் சுருங்கும். நடாது விடுவதால் கையிலே மிஞ்சும் காசு பெருகும். இது எந்த ஒரு நிருவாகியின் தீய எண்ணத்தாலும் வருவதன்று. கணக்கின் போக்கே அத்தகையது. ஆதலினாலேயே நிலத்துக்கு உரிமையுடைய அரசும், பொற்பங்கைக் கொண்ட திறைசேரியும், தொழிற்சங்கங்களும் இந்த எண்ணைக் கவனித்தல் இன்றியமையாதது. குத்தகை நீடிக்கப்படுமா, எந்த நிபந்தனையோடு நீடிக்கப்படும் என்னும் பேச்சு எழும்போது, கடந்த பத்தாண்டில் எத்தனை எக்டேர் நட்டீர்கள் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பபெட் 1986 ஆம் ஆண்டுக்குரிய தம் கடிதத்திலே இதே கருத்தை வேறொரு பெயரால் விளக்கினார். கணக்கிலே காட்டிய வருவாயோடு தேய்மானத்தைக் கூட்டி, தொழிலின் நிலையும் விளைவும் தாழாமல் காப்பதற்கு வேண்டிய செலவைக் கழித்தால் வருவதே உரிமையாளரின் வருவாய் என்றார் அவர். கழிக்க வேண்டியது, செய்த செலவு அன்று. செய்திருக்க வேண்டிய செலவு. தோட்டத்துக்கு இவ்விதி மிகப் பொருந்தும். கம்பனி 15 எக்டேர் நட்டிருந்தாலும், 60 எக்டேருக்குரிய செலவைக் கழித்துப் பார்த்தால் எஞ்சுவதே உண்மையில் மிஞ்சிய காசு. அவ்வாறு பார்க்கும்போது சில ஆண்டுகளின் மிகுதி முற்றாக மறைந்துவிடவும் கூடும்.

ஆகவே இக்கணக்கை எழுத விரும்புவோர் ஓர் அப்பியாசக் கொப்பியிலே பத்து ஆண்டுக்குப் பத்து வரி இட்டு, ஒவ்வொரு வரியிலும் ஆறு எண்களை எழுதினால் போதும். முதலாவது அறிவித்த இலாபம். இரண்டாவது தொழிற்பாட்டுக் காசு. மூன்றாவது மறுநடுகை, இயந்திரம், குத்தகை ஆகியவற்றைக் கழித்து மிஞ்சிய காசு. நான்காவது கொடுத்த பங்கிலாபம். ஐந்தாவது ஐந்தொகையிலே காணும் பணிக்கொடைப் பொறுப்பு. ஆறாவது அவ்வாண்டு மறுநடுகை செய்த நிலப்பரப்பு. பத்தாண்டின் கூட்டுத்தொகையை அடியிலே இட வேண்டும். மிஞ்சிய காசின் கூட்டைவிடப் பங்கிலாபத்தின் கூட்டு மிகுந்திருந்தால், இடைவெளி கடனால் நிரப்பப்பட்டது. மிஞ்சிய காசு ஏற, நட்ட நிலம் சுருங்கினால், செடி உண்ணப்படுகின்றது. பணிக்கொடைப் பொறுப்பு ஏறிக்கொண்டே செல்ல, கொடுத்துத் தீர்த்த தொகை ஏறாதிருந்தால், ஓய்வு பெற்றவர்கள் காத்திருக்கின்றார்களா என்று விசாரித்தல் வேண்டும். சட்டம் அவர்களுக்கு வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் கொடுக்குமாறு கூறுகின்றது. தாமதத்துக்கு மேலதிகத் தொகையும் விதிக்கின்றது.

இவ்வெண்களிலே நற்செய்தியும் தோன்றலாம். விலை வீழ்ந்த 2015 ஐப் போன்ற ஆண்டிலும் மறுநடுகையை முற்றாக நிறுத்தாத கம்பனி, 2022 ஐப் போன்ற மிகுதி ஆண்டிலே முதலில் வங்கிக் கடனையும் பணிக்கொடை நிலுவையையும் தீர்த்த கம்பனி, மிஞ்சும் காசு சிறிதாயினும் ஆண்டுதோறும் சீராகக் காட்டும் கம்பனி ஆகியன நம்பத் தக்கவை. அவற்றின் பங்கு வாங்கியவரும், அவற்றின் தோட்டத்திலே பெரட்டுக்குச் செல்பவரும் ஒரே காரணத்தால் நன்மை அடைவர். இருவருடைய நலமும் செடியின் வேரிலே ஒன்றுபடுகின்றது.

சம்பளப் பேச்சுவார்த்தை வரும் ஒவ்வொரு முறையும், கொடுக்கக் காசில்லை என்று ஒரு தரப்பும், கொள்ளை இலாபம் என்று மறு தரப்பும் கூறுவது வழமை. இரு கூற்றுகளையும் அளந்து பார்க்கும் கோல் ஆண்டறிக்கையின் ஒரு பக்கத்திலே இருக்கின்றது. மலையகத்துப் பாடசாலைகளிலே வர்த்தகப் பிரிவில் கணக்கீடு கற்கும் மாணவர்களுக்கு, வேற்றூர்க் கம்பனிகளின் எண்களைக் கொண்டு பயிற்சி செய்வதிலும், தங்கள் பெற்றோர் வேலை செய்யும் தோட்டத்துக் கம்பனியின் எண்களைக் கொண்டு பயிற்சி செய்வது எளிதும் பயனுமாகும். கூட்டலும் கழித்தலும் அறிந்த எவருக்கும் இக்கணக்கு அரியதன்று. அதனைப் பத்தாண்டு விடாமல் எழுதும் பொறுமையே அரியது.